நடைமேம்பாலம் சொகுசு இல்லீங்க... உயிர் பிரச்சினை! மின்சார ரெயில் நிலையங்களுக்கு வசதி வருவது எப்படி? முழு விவரம்

சென்னை,

தாம்பரம்-கடற்கரை மின்சார ரெயிலில் காலை நேரத்தில் போய் வருகிறவர்களுக்கு ஒன்று நல்லா தெரியும். ரெயிலில் உட்கார்ந்து போறது கூட பெரிய விஷயம் இல்லை. ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சு, அந்தப்பக்கம் வெளியே வர்றதுதான் போராட்டம்.

டிக்கெட் கவுண்ட்டரில் நீண்ட வரிசை. நடைமேம்பாலத்தில் இடி, தள்ளுமுள்ளு. மழை வந்தால் இருக்கிற கொஞ்சம் கூரைக்கு அடியில் அத்தனை கூட்டமும் ஒண்டிக்கொள்ளும். அவசரத்துக்கு ஒதுங்கலாம் என்று போனால் கழிப்பிடத்தில் பூட்டு தொங்கும். ஆவடி, அம்பத்தூர் பக்கம் போறவங்களுக்கும், கும்மிடிப்பூண்டி லைன்காரங்களுக்கும் இதே கதைதான்.

ஒரு ஸ்டேஷனுக்கு லிப்ட் வருது. அடுத்த ஸ்டேஷனுக்கு பெஞ்ச் கூட சரியா இல்லை. ஒரு இடத்தில் எஸ்கலேட்டர் ஓடுது. இன்னொரு இடத்தில் கர்ப்பிணி பெண்ணும், முட்டிவலி தாத்தாவும் படி ஏற முடியாமல் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்கள்.

இதை எல்லாம் யார் முடிவு பண்றாங்க? எந்த கணக்கில் வசதி வருது? நம்ம ஸ்டேஷனுக்கு வரணும்னா யாரை போய் பிடிக்கணும்? இதோ விவரம்:-

260 மீட்டர் நடை, 40 படி

முதலில் நடைமேம்பாலத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஏன்னா, மத்த குறை எல்லாம் அவதி. இது உயிர்.

"பாலம் இருக்கும்போது தண்டவாளத்தை ஏன் தாண்டுறாங்க? படிச்சவங்களே இப்படி பண்ணினா எப்படி?" என்று திட்டாத ஆள் இல்லை. திட்டுவதற்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்கள்.

12 பெட்டி மின்சார ரெயிலின் நீளம் சுமார் 260 மீட்டர். அதாவது கால் கிலோமீட்டருக்கு மேலே. பாலம் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இறங்குவது கடைசி பெட்டியில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த கோடி வரை நடந்தே போகவேண்டும்.

போனால் அங்கே படி. மின்சார ரெயிலுக்கு மேலே 25 ஆயிரம் வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. அதற்கும் மேலே இடைவெளி விட்டுத்தான் பாலம் கட்ட முடியும். அதனால் தண்டவாளத்தில் இருந்து 6 மீட்டருக்கும் அதிக உயரத்தில் பாலம் நிற்கும். ஏறுவதற்கு 40 படி. இறங்குவதற்கு 40 படி. அப்புறம் வந்த வழியே திரும்ப நடை.

எதிரில் பார்த்தால் ரோடு, டீக்கடை, பஸ் ஸ்டாப்பு எல்லாம் கண்ணு முன்னாடி தெரியும். நடுவில் ரெண்டே ரெண்டு தண்டவாளம். குதிச்சு தாண்டினா அரை நிமிஷம். பாலத்தில் போனால் ஐந்தாறு நிமிஷம். கம்பெனியில் 5 நிமிஷம் லேட்டா போனா அரை நாள் சம்பளம் கட் என்றால், மனுஷன் எதை தேர்ந்தெடுப்பான்?

ஆனால் தண்டவாளத்துக்கு அந்த நியாயம் எல்லாம் தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் ரெயில் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் தூரத்தை கடந்துவிடும். "தூரத்துல தானே வருது" என்று நினைத்து காலை எடுத்து வைத்து, நாலாவது எட்டு வைப்பதற்குள் ரெயில் மேலே வந்துவிடும். டிரைவர் பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். காதில் செல்போன் ஹெட்செட் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால், பாலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எங்கே இருக்கிறது, எத்தனை அகலம், பிளாட்பாரத்தின் நடுவிலா, கோடியிலா, இறங்கினால் ரோட்டுக்கு போகுதா இல்லை சாக்கடைக்கு போகுதா... இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ரெண்டு கோடியிலும் ஒவ்வொரு பாலம் இருந்தால் தண்டவாளம் தாண்டுகிற கூட்டம் தானா குறையும். சுவர் எழுப்புவது, அபராதம் போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ரெயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

23 உயிர் போன பிறகு மாறிய சட்டம்

"நடைமேம்பாலம் பயணிகள் வசதி" - ரெயில்வே ரொம்ப வருஷமாக இப்படித்தான் கணக்கு வைத்திருந்தது. அதாவது குடிநீர் குழாய், மின்விசிறி, பெஞ்ச் இதோடு சேர்ந்த விஷயம். நிதி இருந்தா செய்யலாம். இல்லேன்னா அடுத்த வருஷம்.

இதை மாற்றியது மும்பையில் நடந்த பயங்கரம். 2017 செப்டம்பர் 29-ந்தேதி. காலை நேரம். எல்பின்ஸ்டன் ரோடு மின்சார ரெயில் நிலையம் (இப்போதைய பெயர் பிரபாதேவி). திடீர் மழை. வெளியே போகவேண்டியவர்கள் மழைக்கு பயந்து பாலத்து படியிலேயே நின்றுவிட்டார்கள். ரெயில் மேலே ரெயிலாக வந்து கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. குறுகலான பாலம். ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து, மூச்சு திணறி 23 பேர் பலியானார்கள்.

கொடுமை என்னவென்றால், அந்த இடத்துக்கு புதிய பாலம் கட்ட ஏற்கனவே ஒப்புதல் கிடைத்திருந்தது. வேலைதான் தொடங்கவில்லை.

மறுநாளே அப்போதைய ரெயில்வே மந்திரி பியூஷ் கோயல் அவசர கூட்டம் போட்டார். நடைமேம்பாலம் இனி வெறும் 'வசதி' அல்ல, கட்டாயம் என்று விதி மாறியது. ராணுவத்தை கூப்பிட்டு எல்பின்ஸ்டன் ரோடு உள்பட 3 நிலையங்களில் பாலம் கட்ட சொன்னார்கள். 2018 பிப்ரவரி 27-ந்தேதி பாலங்கள் திறக்கப்பட்டன. ஆக மொத்தம் 5 மாசம். வருஷக்கணக்கில் பைலில் தூங்கிய வேலை 5 மாசத்தில் முடியும் என்றால், முடியாமல் இருந்தது பாலமா, மனசா?

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அன்னைக்கு ஜனங்க பாலத்தில் நின்றதுக்கு காரணம் மழை. ஒதுங்க வேறு இடம் இல்லை. பிளாட்பாரத்தில் முழு நீளத்துக்கு கூரை போடுங்க என்று பயணிகள் கேட்பதை சொகுசு என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். கூரை பாதி தூரம்தான் என்றால், மொத்த கூட்டமும் அந்த பாதியில்தான் நிற்கும். ரெயில் வந்ததும் அந்த நாலு பெட்டியில்தான் முண்டியடிக்கும். மத்த பெட்டி காத்தாடும். படியில் தொங்குகிறவன் எண்ணிக்கை கூடும்.

பரங்கிமலை படிப்பினை

படியில் தொங்குவது என்றதும் நம்ம ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. 2018 ஜூலை 24-ந்தேதி. மின்கம்பி கோளாறு காரணமாக திருமால்பூர் போகிற மின்சார ரெயிலை வழக்கமான பாதையில் விடாமல் எக்ஸ்பிரஸ் ரெயில் போகும் பாதையில் திருப்பிவிட்டார்கள். ஏற்கனவே ரெயில்கள் தாமதம். கூட்டம் பிதுங்கி வழிந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பரங்கிமலை ஸ்டேஷனில் பிளாட்பார ஓரம் இருந்த கான்கிரீட் தடுப்பு சுவரில் மோதி கீழே விழுந்தார்கள். குறைந்தது 4 பேர் செத்துப்போனார்கள். பலர் படுகாயம். ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர் விசாரணை நடந்தது.

"படியில் தொங்கினது அவங்க தப்பு" என்று சொல்லிவிட்டு போவது சுலபம். ரெயில்வே சட்டம் 156-வது பிரிவில் படியில் பயணம் செய்வதும் குற்றம்தான். 3 மாதம் ஜெயில் அல்லது 500 ரூபாய் அபராதம். ஆனால் தினமும் ஒரு பாதையில் போய் பழகினவனுக்கு, அடுத்த பாதையில் சுவர் எத்தனை கிட்ட இருக்கும் என்று எப்படி தெரியும்? ஸ்டேஷனில் ஒரு சுவர், ஒரு கம்பம், ஒரு கடை எந்த இடத்தில் நிற்கிறது என்பது கூட பயணிகள் பாதுகாப்புதான்.

பிளாட்பார உயரமும் அப்படித்தான். சாதாரணமாக உயர்மட்ட பிளாட்பாரம் தண்டவாளத்தில் இருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம் இருக்கும். மின்சார ரெயில் பெட்டியின் தரை அதை விட ஒரு அடி மேலே. அவசரத்தில் ஏறும்போது கால் வழுக்கினால் அந்த சந்தில்தான் போகும். 2014 ஜனவரியில் மும்பை காட்கோபர் நிலையத்தில் ஒரு மாணவி இப்படி விழுந்து ரெண்டு கைகளையும் இழந்தார். அதற்கு அப்புறம் மும்பை ஐகோர்ட்டு தலையிட்டு, அங்கே மின்சார ரெயில் பிளாட்பாரங்களை 90 செ.மீ.க்கு மேல் உயர்த்தினார்கள்.

ஒவ்வொரு வசதிக்கு பின்னாடியும் ஒரு ரத்தக்கறை இருப்பதுதான் வேதனை.

வசதி வருவதற்கு என்ன கணக்கு?

இப்போ விஷயத்துக்கு வருவோம். நாடு முழுக்க உள்ள ஸ்டேஷன்களை ரெயில்வே கிரேடு போட்டு பிரித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ரேங்க் மாதிரி. கிரேடு பெரிசா இருந்தால் வசதி அதிகம்.

பழைய கணக்கில் ஏ1, ஏ, பி என்று போகும். அதற்கு அளவுகோல் பெரும்பாலும் வருமானம். புறநகர் மின்சார ரெயில் நிலையம் எல்லாவற்றையும் தூக்கி மொத்தமாக 'சி' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். தினமும் லட்சம் பேர் நெருக்கியடிக்கிற ஸ்டேஷனும் 'சி'. ஈ ஓட்டுகிற ஸ்டேஷனும் 'சி'. மின்சார ரெயிலில் குறைந்தபட்ச கட்டணம் 5 ரூபாய்தான். எக்ஸ்பிரஸ் ரெயிலில் ஒரு ஆள் கொடுக்கிற காசை இங்கே 100 பேர் சேர்ந்து கொடுப்பார்கள். வருமானத்தை மட்டும் பார்த்தால் நம்ம ஸ்டேஷன் எப்பவும் கடைசி பெஞ்ச்தான்.

2017-ல் இது மாறியது. வருமானத்தோடு பயணிகள் எண்ணிக்கையும் கணக்கில் வந்தது. புறநகர் நிலையங்கள் எஸ்.ஜி.1, எஸ்.ஜி.2, எஸ்.ஜி.3 என்று மூன்றாக பிரிந்தன. ஆண்டுக்கு 25 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் அல்லது 3 கோடிக்கு மேல் பயணிகள் என்றால் முதல் கிரேடு. 10 கோடி ரூபாய்க்கு மேல் அல்லது ஒரு கோடி பயணிகளுக்கு மேல் என்றால் ரெண்டாவது. மற்றதெல்லாம் மூன்றாவது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கவனியுங்கள். இங்கே 'பயணிகள்' என்றால் அந்த ஸ்டேஷனில் இருந்து புறப்படுகிறவர்கள் கணக்குதான். டிக்கெட்டிலும், சீசன் பாசிலும் எந்த ஸ்டேஷன் பெயர் கிளம்பும் இடமாக இருக்கிறதோ, அந்த ஸ்டேஷனுக்குத்தான் ஓட்டு. வேற ஊரில் இருந்து வந்து இறங்குகிறவன், ஒரு ரெயிலில் இருந்து இன்னொரு ரெயிலுக்கு மாறுகிறவன் இந்த கணக்கில் வரமாட்டான். டிக்கெட் எடுக்காதவன் சத்தியமா வரமாட்டான்.

பரங்கிமலை மாதிரி மெட்ரோ ரெயிலும் மின்சார ரெயிலும் சந்திக்கிற இடத்தில் மாறுகிற கூட்டமும் பாலத்தில்தான் நடக்குது, கழிப்பிடத்தை தேடுது. டிக்கெட் கணக்கில் தெரிவதை விட கண்ணில் தெரிகிற கூட்டம் அதிகம். அதனால்தான் "இவ்வளவு கூட்டம் இருக்கே, ஏன் செய்யல?" என்று நாம் கேட்கிறோம். "கணக்குப்படி போதுமானது இருக்கு" என்று அவர்கள் சொல்கிறார்கள். ரெண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. கணக்குதான் ஓட்டை.

கிரேடு எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கட்டாயம் இருந்தே தீரவேண்டிய குறைந்தபட்ச வசதிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. குடிதண்ணீர், உட்கார இடம், கூரை, கழிப்பிடம், விளக்கு, கால அட்டவணை, டிக்கெட் கவுண்ட்டர் எல்லாம் அதில் அடக்கம். அளவுதான் கிரேடுக்கு தகுந்த மாதிரி மாறும். அதுக்கு மேலே 'பரிந்துரைக்கப்பட்ட வசதி', அதுக்கும் மேலே 'விரும்பத்தக்க வசதி' என்று இன்னும் ரெண்டு படி. இதனால் ஒன்று தெளிவு. குழாயில் தண்ணி வரல, கழிப்பிடம் பூட்டி கிடக்குது என்றால் நீங்கள் சலுகை கேட்கவில்லை. விதியில் இருப்பதை கேட்கிறீர்கள். குரலை தாழ்த்தவேண்டிய அவசியமே இல்லை.

எஸ்கலேட்டர் யாருக்கு?

எஸ்கலேட்டருக்கும் முன்பு வருமானம் பார்த்தார்கள். 2018-ல் அதை தளர்த்தி, ஒரு நாளைக்கு 25 ஆயிரம் பேருக்கு மேல் வந்து போகிற எந்த ஸ்டேஷனுக்கும் போடலாம் என்று முடிவு செய்தார்கள். நம்ம மாதிரி கூட்டம் அதிகம், காசு கம்மி ஸ்டேஷன்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் எஸ்கலேட்டர் என்றாலே போதும் என்று நினைக்கக்கூடாது. பெரும்பாலும் ஏறுவதற்கு மட்டும்தான் இருக்கும். முட்டிவலிக்காரங்களுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம். அவங்களுக்கு லிப்ட் வேணும். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும், மீன்கூடை, காய்கறி மூட்டையோடு வருகிற அம்மாவுக்கும் சாய்தளம் இருந்தால் அதை விட நல்லது எதுவும் இல்லை. சாய்தளத்துக்கு கரண்டும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம், ரிப்பேரும் ஆகாது. ஆனால் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க எஸ்கலேட்டர்தான் அழகு!

நல்லா ஓடுகிற எஸ்கலேட்டர் அடிக்கடி நிற்பதற்கு காரணம் மெஷின் மட்டும் இல்லை. ஓரத்தில் உள்ள சிவப்பு அவசர பட்டனை விளையாட்டாக அமுக்கிவிட்டு ஓடுகிற பசங்களும்தான். நிறுத்திவிட்டால் ஆள் வந்து சாவி போட்டால்தான் திரும்ப ஓடும். அதுவரைக்கும் அது வெறும் இரும்பு படி.

வேலை ஏன் ஆமை வேகம்?

"ரோட்டு பாலம் கூட கட்டிட்டாங்க, இந்த நடைபாலம் ரெண்டு வருஷமா இழுக்குது" என்று புலம்புகிறார்கள். இதில் ரெயில்வே பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது.

ஓடுகிற ரெயில் பாதைக்கு மேலே இரும்பு கர்டரை தூக்கி வைக்கணும்னா மின்கம்பியில் கரண்டை நிறுத்தவேண்டும். ரெயிலையும் நிறுத்தவேண்டும். விடியற்காலை 4 மணியில் இருந்து நள்ளிரவு வரை ரெயில் ஓடுகிற பாதையில், கடைசி ரெயில் போய் முதல் ரெயில் வருகிற வரைக்கும் கிடைக்கிற மூணு, நாலு மணி நேரம்தான் வேலை. அதிலும் கிரேன் வந்து நிற்கவே பாதி நேரம் போயிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் "பராமரிப்பு பணி, மின்சார ரெயில்கள் ரத்து" என்று செய்தி வருவது இதற்காகத்தான்.

அது தவிர, தாம்பரம்-கடற்கரை பாதையில் மின்சார ரெயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். 2004 வரை இந்த பாதையில் மீட்டர்கேஜ் ரெயிலும் ஓடியது. அந்த காலத்து கூட்டத்துக்கு கட்டிய ஸ்டேஷன்கள் இவை. ரெண்டு பக்கமும் வீடும் கடையும் நெருக்கிவிட்டன. பாலத்துக்கு ஒரு தூண் வைக்க இடம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இதெல்லாம் உண்மை. ஆனாலும், மும்பையில் 5 மாசத்தில் முடிந்ததே என்ற கேள்வியும் உண்மை.

பளபளப்பும் தேவையும்

2022 கடைசியில் 'அம்ரித் பாரத் ஸ்டேஷன்' திட்டம் வந்தது. நாடு முழுவதும் 1,300-க்கும் மேற்பட்ட நிலையங்களை மேம்படுத்துகிற திட்டம். சென்னை பக்கத்தில் பரங்கிமலை, கிண்டி, மாம்பலம், அம்பத்தூர், பெரம்பூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. 2025 மே 22-ந்தேதி பிரதமர் மோடி 103 நிலையங்களை ஒரே நேரத்தில் திறந்துவைத்தார். தமிழ்நாட்டில் 9. அதில் பரங்கிமலையும் ஒன்று. 7 வருஷத்துக்கு முன்னாடி சுவரில் மோதி ஆட்கள் செத்த அதே ஸ்டேஷன்.

முகப்பு, தோட்டம், வண்டி நிறுத்துமிடம், பெயர் பலகை எல்லாம் வரட்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தினசரி பயணி முகப்பில் நிற்பதில்லை. அவன் 10 நிமிஷம் பிளாட்பாரத்தில் நிற்கிறான், 5 நிமிஷம் பாலத்தில் நடக்கிறான். பணம் எங்கே போகவேண்டும் என்பதற்கு இதை விட எளிய அளவுகோல் கிடையாது.

2025 ஏப்ரல் 19-ந்தேதி கடற்கரை-செங்கல்பட்டு பாதையில் ஏ.சி. மின்சார ரெயில் ஓட ஆரம்பித்தது. குறைந்தபட்ச கட்டணமாக 35 ரூபாய் வைத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஏ.சி. பெட்டியில் இருந்து இறங்கி மொட்டை வெயிலில் கூரை இல்லாத பிளாட்பாரத்தில் நடக்கும்போது சிரிப்புதான் வருது.

கேமராவும் விளக்கும்

2016 ஜூன் 24-ந்தேதி காலையில் நுங்கம்பாக்கம் ரெயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் பிளாட்பாரத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டதை தமிழ்நாடு மறக்காது. அந்த ஸ்டேஷனில் அப்போது ஒரு கண்காணிப்பு கேமரா கூட இல்லை. பக்கத்து தெரு, வீடுகளில் இருந்த கேமரா படங்களை வைத்துத்தான் போலீசார் தேடினார்கள். 2022 அக்டோபர் 13-ந்தேதி பரங்கிமலையில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரெயில் முன்பு தள்ளிவிடப்பட்டு இறந்தார்.

கேமரா கொலையை தடுக்காது என்பார்கள். ஆனால் நல்ல வெளிச்சமும், ஆள் நடமாட்டமும், ரோந்து வருகிற போலீசும் சேர்ந்தால் தப்பு பண்ண நினைக்கிறவனுக்கு பயம் வரும். ராத்திரி 10 மணிக்கு ஜவுளிக்கடை வேலை முடிந்து வருகிற பெண்களை கேட்டுப்பாருங்கள். முதலில் கேட்பது லிப்ட் இல்லை. பிளாட்பார கோடியிலும், வெளியே போகிற சந்திலும் ஒரு லைட்டு. அப்புறம் சுத்தமான, திறந்திருக்கிற ஒரு கழிப்பிடம். அவ்வளவுதான்.

காம்பவுண்டுக்கு வெளியே யார் பொறுப்பு?

இதுதான் பெரிய சிக்கல். ஸ்டேஷன் காம்பவுண்டுக்கு உள்ளே ரெயில்வே. வெளியே மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத்துறை. பயணிக்கு இந்த எல்லைக்கோடு கண்ணுக்கு தெரியாது. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை, மழைத்தண்ணி தேங்குது, பஸ் ஸ்டாப்பு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு என்று சொன்னால், ஆளுக்கொரு பக்கம் கையை காட்டுவார்கள்.

ரெண்டு பக்கமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாம்பலம் உதாரணம். மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து தியாகராயநகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாதை. செலவு ரூ.28.45 கோடி. மாநகராட்சி கட்டியது. 2023 மே 16-ந்தேதி முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் நேராக பஸ் ஏற போகலாம்.

சேராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ந்தேதி அவ்வளவு பெரிய பஸ் முனையத்தை திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் இறங்க ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்த ஜனங்க வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி அல்லாடினார்கள்.

யாரை கேட்பது?

உடனடி குறைக்கு 139. தண்ணி வரல, கழிப்பிடம் பூட்டு, லிப்ட் ஓடல, லைட் எரியல என்றால் இந்த எண்ணில் புகார் சொல்லலாம். 'ரெயில் மதாத்' இணையதளத்திலும் போடலாம். புகார் எண் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் புகார் புத்தகம் இருக்கும். கேட்டால் கொடுக்கவேண்டும்.

புதிய பாலம், கூரை மாதிரி பெரிய வேலைக்கு புகார் மட்டும் போதாது. கோட்ட ரெயில்வே மேலாளருக்கு மனு போகவேண்டும். கோட்ட அளவில் ரெயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக்குழு இருக்கிறது. அதில் உங்க பகுதி ஆள் யார் என்று தெரிந்துகொண்டு அவர் மூலமாக விஷயத்தை கூட்டத்தில் எழுப்பினால் அதிகாரிகள் எழுத்துப்பூர்வமாக பதில் சொல்லியாக வேண்டும். எம்.பி.க்கு தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உண்டு. அதில் ஸ்டேஷன் வசதிகளும் செய்யலாம். ஓட்டு கேட்டு வரும்போது கேட்கிறதை விட, நிதி ஒதுக்குகிற நேரத்தில் கேட்டால் பலன் அதிகம்.

மனுவில் "வசதி செய்து தரவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த பிளாட்பாரம், எந்த பக்கம், காலை எத்தனை மணிக்கு எத்தனை பேர் தாண்டுகிறார்கள், பாலம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு வாரம் எண்ணினால் போதும். டிக்கெட் கணக்கில் தெரியாத கூட்டத்தை காட்ட அது ஒன்றுதான் வழி.

"வேலைக்கு ஒப்புதல் ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அதோடு நம்பிவிடவும் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டுக்கு பிறகு ரெயில்வே வெளியிடுகிற 'பிங்க் புக்' என்ற புத்தகத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று இருக்கும். பயணிகள் வசதிக்கு 53 என்ற தலைப்பு எண். பெயர் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் எத்தனை ரூபாய் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். புதிய ரெயில் பாதை திட்டங்களுக்கே வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கி உயிரோடு வைத்த கதை எல்லாம் நடந்திருக்கிறது. புத்தகம் புரியாவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை சட்டத்தில் கேளுங்கள். நம்ம ஸ்டேஷன் என்ன கிரேடு, கடைசி வருஷம் எத்தனை பயணிகள், என்ன வேலை நிலுவை என்ற 3 கேள்வி போதும்.

டிக்கெட்டும் இழப்பீடும்

கடைசியாக, பலருக்கும் தெரியாத ஒன்று. ரெயிலில் ஏறும்போதோ, இறங்கும்போதோ, கூட்டத்தில் தவறியோ விழுந்து பயணி இறந்தால் ரெயில்வே 8 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும். 2017 ஜனவரி 1-ந்தேதியில் இருந்து இந்த தொகை. "அவர் கவனக்குறைவாக இருந்தார்" என்று சொல்லி தட்டிக்கழிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 மே மாதம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஆனால் டிக்கெட்டோ, சீசன் பாசோ இருக்கவேண்டும். உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே வழக்கு போய்விடாது. அவர் முறையான பயணிதான் என்று குடும்பத்தார் பிரமாண பத்திரம் கொடுத்தால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ரெயில்வேக்கு போகும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. டிக்கெட்டே எடுக்காமல் மாட்டினால் குறைந்தது 250 ரூபாய் அபராதமும் போகும்.

தண்டவாளத்தை தாண்டும்போது அடிபட்டு இறந்தால்? அது அத்துமீறல் கணக்கு. இந்த இழப்பீடு கிடைக்காது. பாலம் கோடியில் இருந்ததும், 40 படி ஏற முடியாததும், மஸ்டர் நேரம் ஆனதும் எந்த பைலிலும் வராது.

இழப்பீட்டு மனுவை ரெயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் கொடுக்கவேண்டும். சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது. விபத்து நடந்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போயிருக்கணும்.